கடல்நீர்த் தொட்டியும் ஒட்டும் பசையும்



பேச்சைத் தொடங்குமுன் ஒரு சிறு காரியத்தைச் செய்துவிட உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். இந்தக் கண்ணாடிப் பாத்திரத்தில் இருப்பது, லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பைக் கரைத்துக் கடலின் உவர்ப்புக்குக் கொண்டுவந்த நீர். அதனடியில் கிடப்பது சாதாரணச் சுண்ணாம்புக் கல். என் கையில் உள்ளது கட்டைவிரல் நுனியளவான ஒரு பீங்கான் தக்கை. பவளத் துண்டு ஒன்றையே கொண்டுவந்து காட்டலாமே என்று நண்பர்கள் சிலர் ஆசைப்பட்டார்கள். ஆனால் நம் நாட்டில் கற்பவளங்கள் யாவும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டு, புலிக்கு உள்ள காவலைப் பெற்றுவிட்டன. ஆகையால் இன்றைக்குப் பீங்கானே போதும். இதோ, இரு நிறமான இந்தப் பிசினைச் சரிபாதியாகக் கிள்ளி, நிறம் ஒன்றாகும் வரையில் பிசைந்து, தக்கையின் அடியில் அப்பி, நீருக்குள்ளேயே கல்லின்மேல் வைத்துத் திருகி அழுத்திவிட்டேன். அது அங்கே இருக்கட்டும்; பேச்சு முடியும்போது அதனிடம் திரும்பி வருவோம்.

நான் உத்தியோக நிமித்தமாகச் சிங்கப்பூரில் வாழ்ந்த பதினைந்து ஆண்டுகளில், முறையான அனுமதிச் சீட்டோடு பண்ணைகளில் வளர்த்து விற்கப்படும் பவளங்களை வாங்கி, 250 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டியில் வைத்து வளர்த்தவன். அந்தத் தொட்டியில் நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவை மீனைப் பற்றியவையும் அல்ல, விளக்கைப் பற்றியவையும் அல்ல. ஒட்டும் பசையைப் பற்றியவை. அதனால்தான் இவ்வளவு அற்பமாகத் தோன்றும் ஒரு விஷயத்தை ஒரு மாலைப்பொழுதின் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்டேன். வீட்டில் இருக்கும் சிறு தொட்டிக்கும், பல லட்சம் லிட்டர் கொள்ளும் காட்சிச்சாலைத் தொட்டிக்கும், பவளம் இல்லாமல் பாறையும் மீனும் மட்டும் வைத்திருப்பவருக்கும் நான் சொல்லப்போவது பொருந்தும்.

பவளத்தை ஏன் ஒட்டவேண்டும் என்று முதலில் கேட்பீர்கள். கடலிலே உள்ள பவளம் தான் பிறந்த பாறையோடு தானே ஒன்றிப்போயிருக்கிறது. அதன் குஞ்சு நீந்தித் திரிந்து, இடம் தேர்ந்து, அங்கேயே சுண்ணாம்பைச் சுரந்து அடித்தளம் இட்டுக்கொள்கிறது. தொட்டிக்கு வருவதோ தாய்க்கிளையிலிருந்து வெட்டப்பட்ட ஒரு துண்டு. அதற்கு வேரும் இல்லை, காலும் இல்லை. பாறையிடுக்கில் அதைச் செருகிவைத்துவிட்டு இரவு உறங்கச் சென்றால், நத்தை ஒன்று ஊர்ந்து போகிறபோக்கில் அதைத் தள்ளிவிடும். துறவி நண்டு அதன்மேல் ஏறி உருட்டிவிடும். நீரோட்டத்துக்காக வைத்த விசைக்குழாய் எஞ்சியதைச் செய்துமுடிக்கும். குப்புற விழுந்த பவளம் மணலில் புதைந்து, ஒளியின்றி இரண்டொரு நாளில் தசை அழுகிப்போகும். அண்டையில் உள்ள வேறொரு ஜாதிப் பவளத்தின்மேல் விழுந்தாலோ, இரண்டும் இரவெல்லாம் தத்தம் கொடுக்கிழைகளால் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும். காலையில் பார்க்கும்போது தசை கரைந்து வெள்ளை எலும்பு தெரியும். இந்தக் காட்சியைக் கண்டவர்கள், துண்டை நிலையாக நிறுத்துவதற்கு ஏதாவது ஒரு பசை கிடைத்தால் போதும் என்று கடைக்கு ஓடுவார்கள். நானும் ஓடினேன். அந்த 'ஏதாவது' என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது.

அந்த ஆபத்து எவ்வாறு வருகிறது என்பதை அறியத் தொட்டிகளின் வரலாற்றைச் சிறிது பார்க்கவேண்டும். இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் நிறைந்த கடற்பாறையும் கடல்நீரும் காற்றுக் குமிழிகளும் இருந்தால் தொட்டிக்குள்ளே கடலின் ஒரு மூலையை உயிரோடு வைத்திருக்கலாம் என்று 1961-இல் எழுதி வெளியிட்டார். அதற்குமுன் பவளம் வளர்க்க விரும்பியவர்களுக்கு, நியூ கலிடோனியாவில் நூமேயா காட்சிச்சாலையை 1956-இல் நிறுவிய ரெனே கட்டாலாவைப்போல, கடலை ஒட்டியே இடம் அமைத்துப் புதிய நீர் இடைவிடாமல் பாயும்படி செய்துகொள்வதே வழியாக இருந்தது. இந்த இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓடுகிற நீரிலே சேர்ந்த விஷம் நீரோடு போய்விடும். மூடிய தொட்டியிலே சேர்ந்தது எங்கும் போவதில்லை. நீர் ஆவியாகிப் போகும்போதும் அது பின்தங்கி நிற்கும். சுண்ணாம்புப் பாறை அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நாம் மறந்துபோன பிறகு சிறுகச் சிறுக விட்டுக்கொண்டிருக்கும்.

தாமிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த கடலின் நீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே தாமிரம் உண்டு. மீன்களின் தோலில் பற்றும் வெண்புள்ளி நோய்க்கு மருந்தாக லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை தாமிரம் கலப்பார்கள். அதை மீன் தாங்கும். நத்தையும் இறாலும் பவளமும் தாங்கமாட்டா. நாம் பருகும் நீரிலோ லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டு அளவு. அதாவது மனிதனுக்குத் தீங்கில்லை என்று நிர்ணயிக்கப்பட்ட அளவு, ஒரு கடல் நத்தையைக் கொல்லும் அளவைப்போல் பத்து மடங்கு. குடிநீர்க் குழாய்களுக்கு உகந்தது என்று முத்திரை பெற்ற பசை நல்லதுதானே என்று வாதிப்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான்: அந்த முத்திரை வேண்டியதே, ஆனால் போதாது. அது மனிதனுடைய ஈரலையும் சிறுநீரகத்தையும் உத்தேசித்துச் செய்த பரீட்சை. சதைத்தோல் ஒன்றே உடம்பாகக் கொண்ட ஒரு பிராணியை அது உத்தேசிக்கவில்லை.

ஆகவே, ஒரு பசையைப் பார்த்து, 'இது எவ்வளவு கனம் தாங்கும்?' என்று நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைத் தொட்டியின்முன் நின்று கேட்கக்கூடாது. இறுகும்போது இது எதை வெளிவிடுகிறது, இறுகிய பின்னர் எதை வெளிவிடுகிறது, இவ்விரண்டையுமே கேட்கவேண்டும். பலத்தைப் பற்றிய கவலை அவ்வளவு வேண்டியதில்லை என்பதற்குக் காரணமும் உண்டு. நலமாக இருக்கிற பவளம் சில வாரங்களிலேயே தன் தசையைப் பசையின்மேல் படரவிட்டு, அதன்மேல் தன் சுண்ணாம்பை இட்டு, பாறையைத் தானே பற்றிக்கொள்கிறது. நம்முடைய பசை, கொடி பற்றிக்கொள்ளும் வரையில் நட்டுவைக்கும் சுள்ளிக்கு ஒப்பானது. சுள்ளி தேக்கு மரமாக இருக்கவேண்டியதில்லை. செடிக்கு விஷமாக இல்லாதிருந்தால் போதும்.

இனி நீரின் சுபாவத்தைப் பார்ப்போம். பசை ஒட்டவேண்டுமானால் அது பொருளின் மேற்பரப்பை நேராகத் தொடவேண்டும். நீருக்குள் உள்ள பாறையின் மேற்பரப்பை நீரே முந்திக்கொண்டு தொட்டிருக்கிறது. போதாக்குறைக்கு நுண்ணுயிர்கள் பரப்பிய வழுவழுப்பான ஒரு படலம் வேறு. அந்த நீரை விலக்கி உள்ளே புகும் ஆற்றல் பெரும்பாலான பசைகளுக்குக் கிடையாது. தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசை, தன்னிடத்துள்ள நீரை இழந்துதான் இறுகும். நீருக்குள்ளே அது எதை இழக்கும்? உருக்கி ஊற்றும் மெழுகுப்பசை விஷமற்றதாயினும் குளிர்ந்த ஈரக் கல்லில் பிடிப்பதே இல்லை. பி.வி.சி. குழாய்களை இணைக்கும் பசை வெளியே நன்றாக உலர்ந்தபின் குற்றமற்றது; ஈரத்தில் அதற்கு வேலை இல்லை. சிமெண்டு நீரிலேயே இறுகும் என்பது உண்மை; ஆனால் அதிலிருந்து ஊறும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை உயர்த்திவிடுமாதலால், சிமெண்டால் செய்த பாறையை வாரக்கணக்கில் நல்ல நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகுதான் தொட்டியில் இறக்கவேண்டும். இவ்வாறு தள்ளத்தக்கவற்றைத் தள்ளினால் மிஞ்சுபவை மூன்று: சிலிகோன், சயனோஅக்ரிலேட், எபாக்சி.

சிலிகோன் தொட்டியைக் கட்டுவதற்கு உரிய பசை. கண்ணாடிப் பலகைகளைச் சேர்த்து நிறுத்தி, இத்தனை கனமுள்ள நீரைப் பல ஆண்டுகள் தாங்கிக்கொண்டிருப்பது அதுதான். காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டு அது இறுகுகிறது. இறுகும்போது புளித்த காடியின் நெடி வீசினால் அது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை. நெடியில்லாத வகைகள் ஆல்கஹாலையோ வேறு பொருளையோ வெளிவிடும். காடி நெடியுள்ள வகையைத்தான் தொட்டி கட்டுபவர்கள் பெரும்பாலும் விரும்புகிறார்கள். அமிலம் வெளியேறிய பின்னர் எஞ்சுவது பிராணிகளுக்குத் தீங்கற்ற ரப்பர். ஆனால் அது வெளியேறுவதற்கு நாள் வேண்டும். மெல்லிய கோடாக இட்டதற்கு ஒரு நாள், தடித்த மூலைக்கு ஒரு வாரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, மூக்கை அருகில் கொண்டுபோய் நெடி அறவே இல்லை என்று தேர்ந்த பிறகே நீரை நிரப்பவேண்டும். நீர் உள்ள தொட்டிக்குள் அதைப் பிதுக்கினால் ஈரப்பரப்பில் ஒட்டாமல் உரிந்துவரும். அதோடு அசிட்டிக் அமிலம் நேராக நீரில் கலக்கும். காடி ஒரு கொடிய விஷமன்று. கணக்காகச் சில துளிகள் ஊற்றிப் பாக்டீரியாவுக்கு உணவாக்குபவர்களும் உண்டு. கணக்கின்றிக் கலந்தாலோ பாக்டீரியா திடீரென்று பெருகி, நீர் பால்போல் வெளுத்து, அதிலுள்ள பிராணவாயுவை இரவோடு இரவாக உண்டு தீர்த்துவிடும். இன்னும் இரண்டு குணங்களை நினைவில் வையுங்கள்: இறுகிய பழைய சிலிகோனின்மேல் புதியது நன்றாகப் பிடிக்காது, அக்ரிலிக் தொட்டியிலும் அதை நம்பமுடியாது.

என் வாழ்க்கையில் நான் இன்னும் வருந்துகிற ஒரு நிகழ்ச்சி இந்தச் சிலிகோனைச் சேர்ந்தது. தொட்டியின் பின்புறத்தில் உள்ள வடிநீர்ப் பெட்டியின் மூலையில் ஒரு கசிவு கண்டு, நீரைப் பாதி இறைத்து, கசிந்த இடத்தைத் துடைத்து, கடைக்காரர் எடுத்துக்கொடுத்த குழலிலிருந்த சிலிகோனைப் பூசி, இரண்டு நாள் காயவிட்டு நீரை நிரப்பினேன். குழலின்மேல், குளியலறைக்கு ஏற்றது, பூஞ்சை பிடிக்காதது என்று எழுதியிருந்ததைப் படித்தேன். படித்து மகிழ்ந்தேன் என்றே சொல்லவேண்டும். பூஞ்சை பிடிக்காதது கூடுதல் சிறப்பென்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் நத்தைகள் கண்ணாடியை விட்டு நழுவி மல்லாந்து கிடந்தன. மாலைக்குள் பவளங்கள் தம் மொட்டுகளை உள்ளே இழுத்துக்கொண்டன. பூஞ்சையை வளரவிடாமல் தடுப்பது, அந்தச் சிலிகோனில் கலந்துவைத்த பூஞ்சைக்கொல்லி. அது ஈரத்தில் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கவேண்டும் என்பதுதான் செய்தவனுடைய நோக்கம். அவன் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறான். குளியலறைச் சுவரையும் பவளத்தொட்டியையும் ஒன்றாக எண்ணிய பிழை என்னுடையது. நீரை நாள்தோறும் மாற்றினேன், கரியைப் போட்டேன், சிலிகோனை முழுவதும் சுரண்டி எடுத்தேன். ஒன்பது ஆண்டு வளர்ந்திருந்த ஒரு மூளைப்பவளம் உட்படப் பாதிக்குமேல் இழந்தேன். அன்றுமுதல், 'பூஞ்சை தடுக்கும்', 'கிருமி தடுக்கும்' என்ற சொற்கள் குழலின்மேல் இருந்தால், மற்றச் சிறப்புகளைப் படிக்காமலே அதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அடுத்து, பவளத்தை ஒட்டுவதற்கென்றே பிறந்ததுபோல் அமைந்த பசையைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் நாட்டுப் பெட்டிக்கடையில் ஃபெவிக்விக் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த இனம். ரசாயனப் பெயர் சயனோஅக்ரிலேட். இதன் வரலாறு சுவையானது. 1942-இல், யுத்த காலத்தில், அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனியில் துப்பாக்கிக் குறிபார்ப்பதற்கான தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடிக்கொண்டிருந்த ஹாரி கூவர் என்ற ரசாயன விஞ்ஞானி இதைக் கண்டார். கண்டு வெறுத்து ஒதுக்கினார். ஏனென்றால் தொட்ட பொருள்களையெல்லாம் இது ஒட்டிக்கொண்டது. 1951-இல் டென்னசியிலே, கூவரின் மேற்பார்வையில் வேலைசெய்த பிரெட் ஜாய்னர், அதே பொருளின் ஒரு துளியை, ஒளி விலகலை அளக்கும் கருவியின் இரு பட்டகங்களுக்கிடையே இட்டு அளந்துவிட்டுப் பிரிக்கப் பார்த்தபோது பிரிக்கமுடியவில்லை. விலையுயர்ந்த கருவி கெட்டது; ஆனால் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் குற்றமென்று தள்ளிய குணமே இதன் பயன் என்பது கூவருக்கு அப்போதுதான் புலப்பட்டது. 1958-இல் ஈஸ்ட்மன் 910 என்ற பெயரோடு கடைகளுக்கு வந்தது. வியட்நாம் யுத்தத்தில் காயங்களின்மேல் இதைத் தூவி இரத்தப்பெருக்கை நிறுத்தினார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த நீண்ட சங்கிலியுள்ள ஒரு வகை, தோலில் ஏற்பட்ட வெட்டைத் தையலின்றி மூடுவதற்கு, 1998-இல் அமெரிக்க அரசின் அங்கீகாரத்தையும் பெற்றது.

குழலுக்குள் இருக்கும்வரை இது திரவம். அதைத் திரவமாக வைத்திருப்பது அதில் சேர்த்த துளி அமிலம். ஈரம் பட்டவுடன், ஈரத்தில் உள்ள காரத்தன்மை அந்த அமிலத்தை அடக்கிவிட்டு, மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோக்கத் தூண்டுகிறது. மற்றப் பசைகளுக்கு எமனாக வரும் நீர், இதற்கு உயிர் கொடுக்கிறது. கடல்நீர் இயல்பிலேயே சற்றுக் காரமானது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 8.2. எனவே அங்கே இது நொடியில் இறுகத் தொடங்குகிறது. ஆனால் அந்த வேகமே ஓர் இடையூறாகவும் முடியும். நீர்த்த வகையைத் தொட்டிக்குள் விட்டால் அது கல்லைத் தொடுமுன்பே வெள்ளைத் தோலாக உறைந்து மிதந்து போய்விடும். ஆகையால் நுண்ணிய சிலிக்காத் தூள் முதலியன சேர்த்துக் கூழாக்கிய வகையையே வாங்கவேண்டும்.

உபயோகிக்கும் முறையில் ஒரு கைப்பழக்கம் உண்டு. பவளத் துண்டை வெளியே எடுத்து, அடிப்பாகத்தைக் காகிதத்தால் ஒற்றி உலர்த்துங்கள். சில நிமிஷங்கள் வெளியில் இருப்பதனால் அதற்குக் கேடில்லை. கடல் வற்றும்போது அதன் உறவினர் பலர் வெயிலிலேயே நிற்பதுண்டு. பட்டாணியளவு கூழை அடியில் வைத்து, நீருக்குள் இறக்கி, பாறையின்மேல் அழுத்தும்போது திருகி அழுத்துங்கள். நீர் பட்டதால் கூழின்மேல் உண்டான தோல், திருகும்போது கிழிந்து, உள்ளேயுள்ள புதிய பசை கல்லைத் தொடும். இதை அறியாமல் வெறுமனே அழுத்திவிட்டு, பசை போலியானது என்று கடைக்காரரோடு சண்டையிட்டவர்களை நான் அறிவேன். இன்னோர் எச்சரிக்கை: கையில் வழிந்ததைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள், பருத்தியோடு சேர்ந்து இது சூடேறிப் புகையும், தோலைச் சுடும்.

பெயரில் 'சயனோ' என்று இருப்பதைக் கேட்டு, பொற்கொல்லர் பட்டறையில் உள்ள சயனைடு இது என்று அஞ்சுகிறவர்கள் பலர். அச்சம் இயல்புதான், ஆனால் இங்கே அந்தக் கரியும் நைட்ரஜனும் சேர்ந்த அணுக்கூட்டம் மற்றொரு கரி அணுவோடு உறுதியாகப் பிணைந்திருக்கிறது, சயனைடாகப் பிரிந்து நீரில் கலப்பதில்லை. பவளக் கடலுக்கு உண்மையான சயனைடு செய்த தீங்கு வேறு. பிலிப்பைன்ஸில் 1960-கள் முதற்கொண்டு, சோடியம் சயனைடைப் புட்டியில் கரைத்துப் பாறையிடுக்குகளில் பீச்சி, மயங்கிய வண்ணமீன்களைப் பிடித்து நம்மைப்போன்ற தொட்டி வளர்ப்பவர்களுக்கு விற்றார்கள். மீன் பாதி பிழைத்தது, பவளம் செத்தது. பசையின் பெயரைக் கண்டு அஞ்சுகிறவர், தாம் வாங்குகிற மீன் எவ்வாறு பிடிபட்டது என்று ஒருமுறை கேட்டிருப்பாரானால் எவ்வளவோ நன்மை விளைந்திருக்கும்.

எனினும் இந்தப் பசை முற்றிலும் மாசற்றதென்றும் நான் சொல்லமாட்டேன். இறுகிய சயனோஅக்ரிலேட் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சிதைந்து சிறிது பார்மால்டிஹைடை வெளிவிடும். சங்கிலி நீளமான வகைகளில் இந்தச் சிதைவு இன்னும் மெதுவாக நிகழும். பட்டாணியளவுப் பசையிலிருந்து ஊறுவதைத் தொட்டியிலுள்ள பாக்டீரியா உடனுக்குடன் உண்டுவிடுகிறது. ஒரே நாளில் ஐந்தாறு குழல்களைக் காலி செய்து பாறைமலை எழுப்புகிறவரைத்தான் எச்சரிக்கவேண்டும். தவிர, இது கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்புள்ளது. மேடு பள்ளமான இரண்டு கற்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தை நிரப்பி நிற்க இதனால் ஆகாது. அதற்கு எபாக்சி வேண்டும்.

எபாக்சியைக் கண்டவர்கள் ஸ்விட்ஸர்லாந்தில் பியேர் காஸ்டானும் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீயும். ஒருவர் பல்மருத்துவத்துக்காகவும் மற்றவர் வண்ணப்பூச்சுக்காகவும் தேடப் புகுந்தவர்கள். பிசின் ஒன்று, இறுக்கி ஒன்று. இரண்டும் சந்தித்தால்தான் கல்லாகும். குழாய்க் கசிவை அடைக்க நம் வீடுகளில் பிசைந்து அப்புகிறோமே, அதுவும் இந்த இனமே. இரண்டையும் சரிபாதியாக எடுக்காவிட்டாலோ, பிசைவதில் சோம்பல் காட்டினாலோ, துணை கிடைக்காத இறுக்கி தனித்து நின்று நீரில் ஊறும். அமைன் என்னும் அந்தப் பொருள் பவளத்துக்கு ஆகாது, நம் தோலுக்கும் ஆகாது. பலமுறை தொட்டவர்களுக்கு ஒவ்வாமை பிறந்து, பிறகு அணுவளவு பட்டாலும் கை கொப்புளிக்கும். ஆதலால் கையுறை இல்லாமல் பிசையாதீர்கள். நிறக்கோடு ஒன்றுகூட மிஞ்சாமல் இரண்டு மூன்று நிமிஷம் பிசையுங்கள். உலோகத் தூள் கலந்த எபாக்சிகள் உண்டு. இரும்பு, அலுமினியம், தாமிரம் என்று பலவகை. இயந்திரப் பட்டறையில் அவை உத்தமமானவை; தொட்டியருகே கொண்டுவரவும் தகாதவை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று செய்தவன் எழுதாத பசையையும் அவ்வாறே ஒதுக்குங்கள்.

நல்ல எபாக்சியும் இறுகும் வேளையில் சிறிது வெண்புகைபோல் நீரைக் கலக்கும். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் நுரைபிரிப்பான் வைத்திருப்பவர்கள் அன்றிரவு அது பொங்கி வழிவதைக் கண்டு திகைப்பார்கள். நீரின் மேற்பரப்பு இழுவிசை மாறுவதால் உண்டாகும் நிலை அது. ஓரிரு நாளில் அடங்கிவிடும். அதுவரை நுரைக் கிண்ணத்தைத் தாழ்த்தாமல் உயர்த்தி வைத்துக்கொண்டால் தரை நனையாது. ஒரு நாளில் எலுமிச்சையளவுக்கு மேல் எபாக்சியை 250 லிட்டர் தொட்டியில் இறக்குவதில்லை என்பது என் சொந்த அனுபவத்தில் நான் வகுத்துக்கொண்ட வரம்பு.

எபாக்சிக்கு வலிமை உண்டு, வழுக்கும் பாறையில் முதல் பிடிப்பு இல்லை. சயனோஅக்ரிலேட்டுக்கு முதல் பிடிப்பு உண்டு, வெற்றிடம் நிரப்பும் உடம்பு இல்லை. ஆகவே கனமான துண்டுகளுக்கு இரண்டையும் சேர்ப்பதே அனுபவசாலிகளின் வழக்கம்: நடுவே எபாக்சி உருண்டை, அதன் மேலும் கீழும் சயனோஅக்ரிலேட் கூழ். கூழ் உடனே பற்றிக்கொண்டு நிறுத்த, எபாக்சி ஆற அமர இறுகிக்கொள்ளும்.

இவ்விடத்தில், பசையைச் சேராததாயினும், சொல்லாமல் விடக்கூடாத ஒரு செய்தி உண்டு. பொத்தான் பவளம் என்றும், சோவந்தஸ் என்றும் விற்கப்படுகிற, பூப்போன்ற பிராணிகளை வெட்டி ஒட்டுவதில் பலருக்கும் ஆசை. அவற்றுள் சிலவற்றின் உடம்பில் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் மாவியில் ஹானா என்னும் ஊரருகே, மரணப்பாசி என்று பழங்குடி மக்கள் அஞ்சிய பொருளிலிருந்து மூர், ஷோயர் என்னும் இரு விஞ்ஞானிகள் 1971-இல் பிரித்தெடுத்தது அது. இயற்கையில் உள்ள மிகக் கொடிய விஷங்களுள் ஒன்று. வெட்டும்போது பீச்சுகிற நீர் கண்ணில் படலாம். கையில் உள்ள கீறலில் இறங்கலாம். கையுறையும் கண்கவசமும் இல்லாமல் அந்தப் பிராணிகளைத் தொடாதீர்கள். அவை ஒட்டியிருந்த பாறையைச் சுத்தம் செய்வதாக எண்ணி அடுப்பில் வைத்துக் கொதிக்கவைக்காதீர்கள். ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனை சென்றவர்கள் உண்டு.

இந்தப் பசைகள் தொட்டியோடு நின்றுவிடவில்லை. புளோரிடாவில் மோட் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டேவிட் வான் என்பவர், 2006-இல், மான்கொம்புபோல் கிளைக்கும் ஓர் அரிய பவளத்தைத் தொட்டியில் இடம்மாற்றும்போது அது தற்செயலாக உடைந்து, சில மொட்டுகளே கொண்ட துணுக்குகள் பின்தங்கின. செத்துப்போகும் என்று அவர் விட்டுவிட்ட துணுக்குகள், காயத்தை ஆற்றும் வேகத்தில் பலமடங்கு விரைந்து பரவியிருந்தன. அதிலிருந்து, பவளத்தை விரல்நகத்தளவுத் துணுக்குகளாக அறுத்துப் பீங்கான் தக்கைகளில் ஒட்டி வளர்த்து, பிறகு இறந்துபோன பாறைகளின்மேல் நெருக்கமாக நட்டு ஒன்றோடொன்று கூடச்செய்யும் முறை பிறந்தது. ஒரே தாயின் துணுக்குகளாதலால் அவை பகைக்காமல் ஒன்றிவிடுகின்றன. அதே கடலில் வேறு தொண்டர்கள், கிளைப் பவளங்களை எபாக்சி உருண்டைகளைக் கொண்டு கடலடிப் பாறையில் பதிக்கிறார்கள். நம் மன்னார் வளைகுடாவிலே, சுண்ணாம்புச் சூளைகளுக்காகப் பல காலம் பவளத்தை வெட்டியெடுத்ததன் விளைவாகத் தீவுகள் இரண்டு கடலுக்குள் அமிழ்ந்தே போய்விட்டன. 1986-இல் அங்கே கடல் தேசியப் பூங்கா அமைந்தது. தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் உடைந்த பவளத் துண்டுகளைக் காங்கிரீட் சட்டங்களில் கட்டி இறக்கி வளர்த்துவருகிறார்கள். கட்டு என்பதும் ஒரு பசைதான். நீரில் எதையும் ஊறவிடாத பசை. கிளைத்த துண்டுகளுக்கு இரண்டு சுற்று நைலான் நூல் போதுமென்றால் நானும் குழலைத் தொடுவதில்லை.

மனிதன் இவ்வளவு இடர்ப்பட்டுத் தேடுவதைக் கடல்வாழ் பிராணிகள் பிறவியிலேயே பெற்றிருக்கின்றன. அலைமோதும் பாறையில் ஒட்டிவாழும் ஆளி என்னும் சிப்பி, தன் காலிலிருந்து பட்டிழைகளைச் சுரந்து, ஒவ்வோர் இழையின் நுனியையும் ஈரக் கல்லிலே ஒட்டவைக்கிறது. அந்த ஒட்டுக்குக் காரணமான புரதத்தில் டோபா என்னும் பொருள் நிறைந்திருப்பதை ஹெர்பர்ட் வெயிட் என்ற விஞ்ஞானி 1981-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் காட்டினார். நீரின் படலத்தை விலக்கிக் கல்லைத் தொடும் வித்தை அதனிடம் இருக்கிறது. கலிபோர்னியாக் கரையில் மணற்கோட்டைப் புழு என்று ஒன்று உண்டு. மணலையும் சிப்பித் துணுக்கையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எதிரெதிர் மின்னேற்றமுள்ள இரண்டு சுரப்புகளைக் கலந்து ஒட்டி வீடு கட்டுகிறது. சுரக்கும்போது புளிப்பாக இருக்கும் அந்தப் பசை, கடல்நீரின் காரத்தைத் தொட்டதும் அரை நிமிஷத்திற்குள் இறுகத் தொடங்கிவிடும். சற்றுமுன் சொன்ன சயனோஅக்ரிலேட்டும் ஏறக்குறைய இதையே செய்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பு உண்டாகிறது. பவளப்பாறை முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், அலை உடைத்த துண்டுகளை மீண்டும் ஒன்றாக இறுக்கிக் கட்டுவதில் பெரும்பங்கு, இளஞ்சிவப்பாகப் பாறையின்மேல் படரும் சுண்ணாம்புப் பாசிக்கு உரியது. நம் தொட்டியிலும் ஓராண்டு பொறுத்திருந்தால், நாம் அசிங்கமாக அப்பிய எபாக்சியின்மேல் அந்தப் பாசி படர்ந்து, எது கல், எது பசை என்று தெரியாதபடி செய்துவிடும்.

கடிகாரம் முக்கால் மணியைத் தாண்டிவிட்டது. பாத்திரத்தில் உள்ள தக்கையை இப்போது விரலால் தள்ளிப்பார்க்கிறேன், அசையவில்லை. நகத்தால் அழுத்தினால் பிசினில் தடம் விழவில்லை. ஆயினும் உள்ளே அது இன்னும் இறுகிக்கொண்டுதான் இருக்கிறது; நாளை இதே நேரத்துக்குத்தான் முழுவதும் கல்லாகும். பக்கத்தில் வைத்த மற்றொரு பாத்திரத்தின் நீரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த நீரில் லேசான ஒரு மங்கல் தெரியும். முன்வரிசையில் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். மேசைமேல் கையுறைகள் இருக்கின்றன. பிசைந்து பார்க்க விரும்புபவர்கள் முதலில் அவற்றை அணிந்துகொள்ளுங்கள்.